மருந்தய்யாவின் மொட்டைக் கார்

பொகவந்தலாவைக்கு மேலே ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்தில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த காலத்தில் எனக்கு அடுத்த வீட்டில் இக்னேசியஸ் குடியிருந்தார். தோட்டத்து டிஸ்பென்சர். மூன்று டிவிஷன்களிலும் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்களுக்குக் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, அட்டை கடித்த புண் எல்லாவற்றுக்கும் மருந்து கலந்து கொடுப்பவர். தொழிலாளர்கள் அவரை மருந்தய்யா என்றார்கள். குட்டையான, உருண்டையான மனிதர். எதைச் சொன்னாலும் பாதியில் அவருக்கே சிரிப்பு வந்துவிடும். அவருடைய அப்பா பெரிய பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். அதனால் மகன், தொரைமார்களின் கார்களை அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தார்.

ஐம்பத்தேழில் பழைய பெரிய தொரை, அதாவது தோட்டத்து வெள்ளைக்கார மேனேஜர், வேலையை விட்டு ஊருக்குக் கப்பலேறினார். போகும்போது தமது திறந்த காரை இக்னேசியஸுக்கு விற்றுவிட்டுப் போனார். பச்சை நிறம். இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது, இழுத்து மூடுவதற்கு ஒரு கித்தான் துணி உண்டு. கம்பெனிப் பெயர் பொறித்த தகடு எப்போதோ கழன்று விழுந்திருந்ததால் ஜனங்கள் தாங்களே ஒரு பெயர் வைத்தார்கள்: மொட்டைக் கார்.

இங்கே தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கிற பெண்கள் தொரையைக் கண்ணால் பார்க்கிறதுக்கு முன்னால் காதால் பார்த்துவிடுவார்கள். மலையைச் சுற்றி வருகிற பாதையில் கார் இரண்டு வளைவுக்கு அப்பால் இருக்கும்போதே சத்தம் வந்துவிடும். கங்காணி சும்மா ஒருதரம் இருமுவார். அவ்வளவுதான். வெற்றிலைப் பை இடுப்புக்குள் போகும், பேச்சு நிற்கும், கைகள் கொழுந்தின் மேல் பறக்கும், ஆண்கள் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வார்கள். மொட்டைக் காரின் சத்தமோ சாதாரணச் சத்தமில்லை. புகைக்குழாயில் ஏதோ ஓட்டை. பெரிய கடாயில் கூழாங்கல்லைப் போட்டு வறுக்கிற மாதிரி இருக்கும். வருஷக்கணக்காக அந்தச் சத்தம் என்றால் பெரிய தொரை என்றே அத்தனை பேர் உடம்பிலும் ஊறியிருந்தது.

இக்னேசியஸ் முதல் நாள் காரை மேல் டிவிஷனுக்கு ஓட்டியபோது என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார். நான் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன். இந்தியப் பாஸ்போர்ட். இந்த நாட்டில் தங்குகிற அனுமதி எப்போது முடியும், எப்போது நீளும் என்பதே எனக்குத் தினப்படி யோசனை. போலீஸ்காரர் வணக்கம் சொன்னாலே கை சட்டைப் பையில் பாஸ்போர்ட்டைத் தேடும். கதவு முழங்கால் உயரம்கூட இல்லாத காரில் பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தபடி போவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வளைவு திரும்பினோம். ஒரு மலை முழுக்கத் தலைகள் குனிந்திருந்தன. பாதையோரக் கல்லில் உட்கார்ந்திருந்த கண்டாக்கு கணேசமூர்த்தி (வெளிவேலைக்கெல்லாம் மேற்பார்வை அவர்தான்) துள்ளி எழுந்து, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, விறைத்து நின்று, "குட் மார்னிங் சார்!" என்று முழங்கினார்.

"குட் மார்னிங் கண்டாக்கையா," என்றார் இக்னேசியஸ். "ஒடம்பெல்லாம் சொகந்தானே?"

குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. அப்புறம் மேலே நின்ற பேச்சியம்மா என்கிற வயசாளிப் பெண் கொழுந்துக் கூடையோடு குலுங்கிச் சிரித்தாள்.

"அய்யோ மருந்தய்யா! இனிமே பேதியாக மருந்தே கலக்க வேணாமுங்க. இந்தக் காரை லயத்துப் பக்கம் ஒரு சுத்து விட்டாப் போதும்!"

மலையே சிரித்தது. கணேசமூர்த்தி சிரிக்கவில்லை. தொப்பியைத் தலையில் அழுத்தி வைத்துக்கொண்டு, "இந்த ஓட்டைச் சட்டிக்கு இனி நான் எந்திரிச்சா எம்பேரு கணேசமூர்த்தி இல்ல," என்றார்.

அந்தக் காரைப் பற்றி இக்னேசியஸிடம் யாராவது நல்லதா கெட்டதா என்று கேட்டால், "மழையில்லாத நாளில கேட்டீங்கன்னா நல்லது," என்பார். அது உண்மைதான். தை மாதம், வானம் கழுவித் துடைத்தாற்போல் இருந்த ஒரு காலையில் நாங்கள் ஹட்டனுக்குப் போனோம். அவருக்கு ஆஸ்பத்திரிச் சாமான் வாங்க வேண்டும், எனக்குச் சுண்ணாம்புக்கட்டி. நோர்வூட்டைத் தாண்டும்வரை நான் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணத் தொறங்க மாஸ்டர். டிக்கெட் எடுத்துப் படம் பாக்கப் போயி யாராச்சும் கண்ண மூடிக்குவாங்களா?"

திறந்தேன். சொல்கிறேன், பஸ்ஸில் அதே ரோட்டில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த ரோட்டை அன்றைக்குத்தான் பார்த்தேன். யூகலிப்டஸ் நிழலுக்குள் நுழையும்போது முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி குளிர். வெளியே வந்தால் முதுகில் வெயில். ஒவ்வொரு தோட்டத்து ஸ்டோரை, அதாவது தேயிலை ஆலையை, தாண்டும்போதும் தேயிலை வறுபடுகிற வாசனை. ஒரு ஸ்டோர் வாசனைக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரிகிறது. வளைவில் அவர் கியரைக் குறைத்ததும் கார் ஒரு உறுமல் உறுமும், எதிர்ப்பாறை அதைத் திருப்பிச் சொல்லும். ஸ்டியரிங்கை அவர் திருப்புவதாகவே தெரியவில்லை. கண் எந்தப் பக்கம் போகிறதோ கார் அந்தப் பக்கம் போயிற்று. டிக்கோயாவில் ஒரு பஸ்ஸை முந்தினோம். பஸ்ஸிலிருந்தவர்கள் ஜன்னல் வழியாக எங்கள் உச்சந்தலையைப் பார்த்துக் கையாட்டினார்கள். என்னையறியாமல் நானும் கையாட்டிவிட்டேன். பிறகுதான், ஒரு கை பிடியில் இல்லையே என்ற பயம் வந்தது.

ஆனால் ஆனி மாதம் என்று ஒன்று வருகிறதே. மழை பிடித்தால் பொகவந்தலாவையில் வாரக்கணக்கில் விடாது. கித்தானை இழுத்து மாட்ட இரண்டு ஆளும் ஒரு சண்டையும் வேண்டும். மாட்டி முடிப்பதற்குள் இருவரும் நனைந்திருப்போம், மழையும் நின்றிருக்கும். வைப்பர் அவர் பக்கம் மட்டும் ஓடும். என் பக்கத்தில் நான் கைக்குட்டையால் துடைக்க வேண்டும். காலடியில் தண்ணீர் தேங்குகிறதென்று இக்னேசியஸ் தரைத் தகட்டில் ஒரு துளை போட்டார். அதற்கப்புறம் ரோட்டுத் தண்ணீர் அந்தத் துளை வழியாக மேலே வந்தது. குளிர்ந்த காலையில் எஞ்சின் உயிர் பிடிக்காது. ஆகவே எங்கே போனாலும் சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார். சரிவு இருக்கிற இடத்தில் நமக்கு வேலை இருக்காது. அங்கிருந்து மழையில் நடக்க வேண்டும். தோட்டத்துப் பாதைக் கல்லெல்லாம் காரின் அடிவயிற்றில் இடிக்கும். ஒருமுறை அப்படி இடித்ததில் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்து போத்தல் உடைந்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி இராசம்மாவின் பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலை பாதி ஊதாவாயிற்று.

இராசம்மா நானுஓயாக்காரர். அவருடைய அப்பா ரயில்வே ஆள். "ரயிலுக்குக்கூடக் கூரை இருக்கு," என்று புருஷனிடம் சொல்வார். இரண்டு பெண் பிள்ளைகள் அவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு இரண்டு நடை போக வேண்டும். முதல் நடையில் இராசம்மாவும் சின்னதும், இரண்டாம் நடையில் பெரியது. முதலில் போனவர்கள் கலைந்த தலையோடு கோயில் வாசலில் நின்று, மீதிக் குடும்பம் வருகிறதா என்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"ரெண்டு பேரு உக்கார்ற காரை வாங்கினவரு, ரெண்டு புள்ளைய எதுக்குப் பெத்துக்கிட்டாரு? கேளுங்க மாஸ்டர்."

"புள்ளைங்க மொதல்ல வந்துருச்சு ராசம்மா. காரு பிந்தித்தான வந்துச்சு?"

"அப்ப பிந்தி வந்ததத்தான் அனுப்பணும்."

இப்படியே ஒரு வருஷம் ஓடியது. அதற்குள் காரின் சத்தம் தோட்டத்தில் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டது. முதலில் கங்காணி இருமுவதை நிறுத்தினார். பிறகு பெண்கள் தலை தூக்கிச் சிரித்தார்கள். கடைசியில் கார் வருகிற சத்தம் கேட்டாலே லயங்களிலிருந்து சீக்காளிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்க ஆரம்பித்தார்கள். முன்பெல்லாம் யார் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று வீடு வீடாகத் தேடுவார் இக்னேசியஸ். இப்போது காரிலிருந்து இறங்காமலே நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிடுவார்.

கணேசமூர்த்திக்கு இது பொறுக்கவில்லை. அவர் புதிய தொரையிடம் போனார். புதியவர் இளவயது; ரொம்ப உயரம். ஜனங்கள் நெட்டைத் தொரை என்றார்கள். அவர் ஓட்டியது நாலு கதவு மூடிய கார். பூனை மாதிரி சத்தமில்லாமல் வரும். "மொட்டைக் காரு சத்தத்தால ஜனங்களுக்குத் தொரை மேல இருந்த பயமே போயிருச்சுங்க. அத தோட்டத்து ரோட்டில ஓட விடக்கூடாது," என்று கண்டாக்கு சொன்னாராம்.

வீடும் தோட்டத்துடையது, ரோடும் தோட்டத்துடையது. தொரை வேண்டாமென்றால் அந்தக் காரை நிறுத்த ஒரு முழம் இடம் கிடையாது, விற்க வேண்டியதுதான். நெட்டைத் தொரை இக்னேசியஸைக் கூப்பிட்டு, "சனிக்கிழமை காலையில் நானே ஓட்டிப் பார்க்கிறேன். அப்புறம் முடிவு சொல்கிறேன்," என்றார்.

அந்த வாரம் முழுக்க மருந்தய்யா சிரிக்கவில்லை. சாயங்காலமெல்லாம் காரைத் தேய்த்தார். "போயிட்டா என்ன மாஸ்டர், உசுரா போயிரும்?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் விளக்குக் கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார். வெள்ளிக்கிழமை, கார் தொலையட்டும் என்று இராசம்மா அந்தோனியாருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். கார் தொலையக் கூடாதென்று பக்கத்திலேயே இக்னேசியஸ் ஒன்று ஏற்றினார். பாவம், அந்தோனியார் என்ன செய்வார்?

சனிக்கிழமை தொரை தமது மூடிய காரில் வந்து இறங்கினார்; நீண்ட கால்களை மடக்கி மொட்டைக் காருக்குள் நுழைத்துக்கொள்ளவே நேரம் பிடித்தது. உட்கார்ந்தால் தலை கண்ணாடிக்கு மேலே நின்றது. பனிமூட்டம் வேறு. இக்னேசியஸ் பக்கத்தில் உட்கார, அந்தச் சத்தம் கிளம்பியது. அதற்கப்புறம் நடந்ததை எனக்கு இக்னேசியஸும் சொன்னார், பேச்சியம்மாவும் சொன்னாள். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிறது என்பதால் எழுதுகிறேன்.

முதல் இரண்டு வளைவில் தொரை பயந்து பயந்து ஓட்டினார். மூன்றாவதில் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மேல் டிவிஷனில் கார் போய் நின்றபோது யாரும் குனியவில்லை, யாரும் இருமவில்லை. பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பேச்சியம்மா திரும்பியும் பார்க்காமல், "மருந்தய்யா, நீங்க குடுத்த வெள்ளை மருந்து நாய்கூடக் குடிக்காதுங்க. வேற எதாச்சும் இருந்தாக் குடுங்க," என்றாள்.

கணேசமூர்த்தி ஓடைக்கரையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் காலைத் தண்ணீரில் தொங்கப் போட்டிருந்தார். தொரை இன்றைக்கு முடிவு சொல்வார் என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும், தொரையே ஓட்டிப் பார்க்கப் போவது தெரியாது. சத்தம் கேட்டு, வேண்டுமென்றே இன்னும் நன்றாக முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"போய்யா, போ. இன்னையோட ஒஞ்சட்டி ஒடஞ்சுச்சு. ஒனக்கு எந்திரிக்க நான் என்ன மடையனா?"

தொரைமார் தமிழ் படித்துப் பரீட்சை எழுதித்தான் தோட்டத்துக்கு வருகிறார்கள். அந்தத் தமிழில் பின்னாலிருந்து மெதுவாகக் குரல் வந்தது.

"எந்திரிக்க வாணாம் கண்டாக்கு. மொதல் சப்பாத்து போடு."

பேச்சியம்மா இதைச் சொல்லும்போது, கண்டாக்கையா ஓடைக்குள் விழுந்தார் என்பாள். இக்னேசியஸ் அப்படியில்லை, வழுக்கி உட்கார்ந்தார், அவ்வளவுதான் என்பார்.

அவர்கள் திரும்பி வந்தபோது நான் வேலியோரம் நின்றிருந்தேன். இராசம்மா வாசலில். தொரையின் முகம் சிவந்து, தலைமுடி காற்றில் நட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இறங்கினார்.

"அருமையான கார் இக்னேசியஸ்," என்றார் இங்கிலீஷில். "இதை நான் எடுத்துக்கொள்கிறேன். என்னுடைய மூடிய காரை உனக்குத் தருகிறேன். காருக்குக் கார்."

இக்னேசியஸ் காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். ஓட்டக்கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்ற கவலைக்குத்தான் அவர் ஒரு வாரம் தயாராகியிருந்தார். பிடித்துப்போய்விடும் என்பதை நாங்கள் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. தொரை கேட்டதை இல்லையென்று சொல்லும் வழக்கமும் தோட்டத்தில் கிடையாது. இக்னேசியஸ் தமக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். அத்தனை நாள் நான் சொல்லி, இராசம்மா சொல்லி, அவர் காதில் ஏறாத குற்றங்களையெல்லாம் இப்போது அவரே அடுக்கினார். கூரை ஒழுகும் சார். காலையில் எஞ்சின் பிடிக்காது சார். அடியில் கல் இடிக்கும். வைப்பர் ஒரு கண்தான். தரையில் துளை இருக்கிறது, இதோ பாருங்கள்.

தொரை சிரித்துக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு குற்றமும் அவருக்கு இன்னொரு ருசியாகத் தெரிந்தது போலிருக்கிறது. "பரவாயில்லை, பரவாயில்லை," என்றார்.

கடைசியில் இக்னேசியஸ் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "நாலு சீட்டு, கூரை, கதவு எல்லாம் இருக்கு ராசம்மா," என்றார் தமிழில். "நீ கேட்டது. நீயே சொல்லிரு."

ஒரு வார்த்தை போதும், ஞாயிற்றுக்கிழமை குடும்பம் ஒரே நடையில், தலை கலையாமல் கோயிலுக்குப் போகும். இராசம்மா பாதையோரம் நின்ற தொரையின் மூடிய காரை ஒரு பார்வை பார்த்தார். மொட்டைக் காரை ஒரு பார்வை. அப்புறம் முந்தானையைத் தோளைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு தொரையிடம் நேராகவே பேசினார்.

"தொரை காரு சத்தமில்லாம வருதுங்க. தொரைக்கு அது சரிங்க. எங்க வீட்டுக்காரரு சத்தமில்லாம போனா ஆருக்குத் தெரியும்? இந்தச் சத்தத்தக் கேட்டுத்தான் லயத்துல சீக்காளிங்க எந்திரிச்சு ரோட்டுக்கு வாராங்க. இத நீங்க எடுத்துக்கிட்டீங்கன்னா, நீங்க போற எடமெல்லாம் நாக்க நீட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒங்களுக்கு மருந்து கலக்கத் தெரியுமுங்களா?"

தொரை அதை ஒருதரம் மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், கூரைமேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துபோயிற்று.

"ரைட்," என்றார். "கார் டிஸ்பென்சரிடமே இருக்கட்டும். ரோட்டிலும் ஓடட்டும். ஆனால் எனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது ஒரு காலை இரவல் தர வேண்டும். எந்த நாள் என்று யாருக்கும் சொல்லக்கூடாது."

அவர் போனபின் இக்னேசியஸ் காரின் மூக்கில் கையை வைத்துக்கொண்டு மனைவியையே பார்த்தபடி நின்றார். இராசம்மா உள்ளே போய்க்கொண்டே, "என்ன பார்வை? எங்க வீட்டுச் சாமான நான் திட்டுவேன். அதுக்காக வந்தவங்க தூக்கிட்டுப் போக விட்ருவேனா?" என்றார். "அந்தத் தொளைய மொதல்ல அடைங்க."

விஷயம் அங்கே முடிந்திருந்தால் மருந்தய்யாவுக்கு நிம்மதி. ஆனால் மலைக்கு நிம்மதி போயிற்று. சத்தம் வந்தால் உள்ளே இருப்பது மருந்தய்யாவா, தொரையா? கங்காணி மறுபடியும் இரும ஆரம்பித்தார். வாயில் வைத்த ரொட்டி பாதியில் நின்றது. பேச்சியம்மா டிஸ்பென்சரிக்கே வந்து சண்டை பிடித்தாள்.

"ஒங்க காரு பொழச்சிருச்சு, எங்க வெத்தல போச்சு. இது ஞாயமுங்களா?"

நியாயமில்லைதான். இக்னேசியஸ் யோசித்தார். மறுநாளிலிருந்து அவர் போகும்போது மட்டும் வளைவுக்கு முன்னால் ஹார்னை இரண்டு தடவை அமுக்குவார். ஹார்ன் இல்லாமல் சத்தம் வந்தால் தொரை. மலையிலுள்ள பெண்கள் எல்லாருக்கும் இது தெரியும், லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும், எனக்கும் தெரிந்து, தெரிந்ததனாலேயே தூக்கம் கெட்டது. கண்டாக்கு கணேசமூர்த்திக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஹார்ன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அவர் எழுந்து, தொப்பியைக் கக்கத்தில் வைத்து, விறைத்து நிற்பார். மழையிலும் நிற்பார். பெண்கள் சும்மா வெற்றிலை மென்றுகொண்டு அவரைப் பார்ப்பார்கள்.

சில மாதம் இது நடந்தது. இக்னேசியஸ் கெட்ட மனிதரில்லை. ஒருநாள் தூறலில் கண்டாக்கு அப்படி நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல் காரை நிறுத்தினார். நான் பக்கத்தில் இருந்தேன், வழக்கம்போல் பிடியை இறுக்கிப் பிடித்தபடி.

"கண்டாக்கையா, ஒங்களுக்கு ஒண்ணு சொல்லணும். ரெண்டு ஹாரன் அடிச்சா நான்தான். நீங்க பாட்டுக்கு உக்காந்திருக்கலாம்."

கணேசமூர்த்தி தொப்பியிலிருந்து தண்ணீரை உதறினார்.

"தெரியும்யா. ரெண்டாம் நாளே தெரியும்."

"பெறகு ஏன் எந்திரிக்கிறீங்க?"

"நீங்க எல்லாரும் தொரைய என்னன்னு நெனச்சீங்க?" என்றார் அவர், எங்கள் இருவரையும் பரிதாபமாகப் பார்த்து. "அந்த ஆளு ஒருநாள் ரெண்டு தடவ ஹாரன் அடிச்சிக்கிட்டு வந்தா?"

காரைக் கிளப்பிக்கொண்டு அடுத்த வளைவுவரை வந்தோம். அங்கே இக்னேசியஸ் காரை நிறுத்திவிட்டு, மேலே ரொட்டி தின்றுகொண்டிருந்த பெண்களை நோக்கி, "பேச்சியம்மா! கொஞ்சம் கீழ எறங்கி வாங்க, ஒரு யோசனை கேக்கணும்!" என்று கூப்பிட்டார்.